ஆர்.எஃப். தோல் இறுக்கும் சிகிச்சை: முதல் சிட்டிங்கும் அதற்கு முந்தைய இரண்டு வாரமும்

தாடையோரத்தில் தோல் தளர்ந்து போனதற்காக, மின்சாரத்தால் தோலைச் சூடேற்றி இறுக்கும் ரேடியோஃபிரீக்வென்சி சிகிச்சை எடுத்துக்கொண்டேன். எல்லோரும் ஆர்.எஃப். என்று சுருக்கிச் சொல்வது அதைத்தான். நான்கு சிட்டிங் முடிந்து மூன்று மாதமும் ஆகிவிட்டது, பலன் தெரிய அவ்வளவு காலம் பிடிக்கும் என்பதால்தான் இவ்வளவு நாள் காத்திருந்து எழுதுகிறேன். கிளினிக் எனக்குப் பிடித்திருந்தது, ஓரளவு பலனும் தெரிகிறது. ஆனால் இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல், மெஷின் முகத்தில் படுவதற்கு முன்னால் நடந்ததைப் பற்றித்தான் இருக்கும். ஒரு இடத்தை நம்பலாமா வேண்டாமா என்று எனக்குத் தெரிந்தது அந்த நாட்களில்தான்.

முதலில் வேறொரு இடத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒரு படிவம் தந்தார்கள், அதில் பெயர், வயது, ஃபோன் நம்பர், எந்த இடத்துக்குச் சிகிச்சை என்பதைத் தவிர வேறு எதுவும் இல்லை. கவுண்டரில் இருந்த பெண், "இன்னைக்கே பண்ணிடலாம் மேடம், ஸ்லாட் இருக்கு" என்றார். முந்தின நாள் இரவு, தோலின் மேல் அடுக்கை உரியவைக்கக்கூடிய ரெட்டினால் க்ரீம் போட்டிருந்தேன், இரண்டு நாள் முன்னால்தான் மேலுதட்டுக்கும் தாடைக்கும் த்ரெடிங் செய்திருந்தேன். இரண்டையும் நானாகவே சொன்னேன். "பரவாயில்லை, எல்லாரும் அப்படித்தான் வர்றாங்க" என்று பதில் வந்தது. உள்ளே எந்த மெஷின் என்று கேட்டால், ஆர்.எஃப். தான், கொஞ்சம் ஊசியும் இருக்கும் என்றார்கள். கொஞ்சம் ஊசி என்றால் என்ன அர்த்தம்? யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

ஊசி உள்ளதும் ஊசி இல்லாததும் ஒரே பெயரில் விற்கப்படுகிற இரண்டு வேறு சிகிச்சைகள் என்பது எனக்கு அதற்கப்புறம்தான் தெரிந்தது. ஊசி இல்லாத வகையில் தோலின் மேல் ஜெல் தடவி, ஒரு கைப்பிடியை நகர்த்தி நகர்த்தி வெளியிலிருந்தே சூடேற்றுகிறார்கள். மைக்ரோநீட்லிங் ஆர்.எஃப். என்பதில் நுண்ணிய ஊசிகள் தோலுக்குள் இறங்கி, உள்ளே போய் சூட்டை விடுகின்றன. அதற்கு மரத்துப்போகும் க்ரீம் வேண்டும், சிவப்பும் வீக்கமும் சில நாள் இருக்கும், ஆயத்தமும் வேறு. 2025 அக்டோபரில் அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்த ஊசி வகையைப் பற்றி மட்டும் தனியாக ஒரு பாதுகாப்பு அறிவிப்பு வெளியிட்டது. தீக்காயம், தழும்பு, கொழுப்பு கரைந்து போவது, நரம்புப் பாதிப்பு எல்லாம் புகார்களில் வந்திருந்தன. அதற்காக அதை யாருமே செய்துகொள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எதற்குப் படுக்கிறோம் என்று தெரியாமல் படுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவதாகப் போன இடத்தில் முதல் நாள் சிகிச்சையே கிடையாது என்று ஃபோனிலேயே சொல்லிவிட்டார்கள். தோல் டாக்டர் ஒருவரைப் பார்த்துவிட்டு, குறைந்தது இரண்டு வாரம் கழித்துத்தான் முதல் சிட்டிங். அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டாக்டர் அறையில் முக்கால் மணி நேரத்துக்கு நடந்த கேள்வி பதிலைப் பார்த்த பிறகு அந்த எரிச்சல் போய்விட்டது.

பேஸ்மேக்கர் உண்டா, இதயத்துக்குள் வேறு ஏதாவது கருவி உண்டா, காதுக்குள் காக்ளியர் இம்ப்ளாண்ட் உண்டா என்று ஆரம்பித்தார். முகத்திலோ கழுத்திலோ மெட்டல் பிளேட், ஸ்க்ரூ, பல்லில் கேப், இம்ப்ளாண்ட், காப்பர்-டி எல்லாம் கேட்டார். கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா, உடம்பின் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்குகிற லூபஸ் மாதிரி நோய் ஏதாவது உண்டா, பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிட்டிருக்கிறேனா, எப்போது நிறுத்தினேன், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறேனா, ஃபில்லர் அல்லது போடாக்ஸ் போட்டிருக்கிறேனா, போட்டிருந்தால் எந்த மாதம், எந்த இடம். பச்சை குத்தியதுபோல நிரந்தரமாகப் புருவம் வரைந்திருக்கிறேனா. அடிபட்டால் தழும்பு தடித்து வளருமா. உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வருமா. கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றேன், வருடத்துக்கு ஒரு தடவையாவது வரும். அதை எழுதிவைத்துக்கொண்டு, சிட்டிங் சமயத்தில் கொப்புளம் இருந்தால் வராதீர்கள், ஃபோன் பண்ணுங்கள், தேதி மாற்றித் தருகிறோம் என்றார்.

இத்தனை கேள்வி எதற்கு என்று கேட்டேன். அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. "இது லேசர் மாதிரி வெளிச்சம் கிடையாதும்மா, கரண்ட். உங்க உடம்பே சர்க்யூட்ல ஒரு பாகம். அதுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் எப்படி சுவிட்ச் போட முடியும்?" லேசர்கள் பெரும்பாலும் தோலில் உள்ள நிறமி, ரத்தம், நீர் என்று எதையாவது குறிவைத்து ஒளியைப் பாய்ச்சுகின்றன. ஆர்.எஃப். அப்படி நிறத்தைத் தேடுவதில்லை. மின்சாரம் திசுவுக்குள் போகும்போது திசு அதற்குத் தடை கொடுக்கிறது, அந்தத் தடைதான் சூடாகிறது. அதனால்தான் கருமையான தோலுக்கும் இது ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது என்கிறார்கள், கரும்புள்ளி விழும் பயம் குறைவு. என் தோல் எதற்கெடுத்தாலும் கறுத்துப்போகும் ரகம், எனக்கு அதுதான் பெரிய விஷயமாக இருந்தது. ஆனாலும் தீக்காயம் பட்டால் எந்தத் தோலும் கறுக்கும், அதையும் அவரே சொல்லிவிட்டார்.

சூடு உள்ளே போய் என்ன செய்கிறது என்பதையும் ஒரு தாளில் கிறுக்கிக் காட்டினார். தோலின் நடு அடுக்கில் அதற்கு உறுதி தருகிற கொலாஜன் என்ற புரத இழைகள் இருக்கின்றன, போதுமான சூடு போதுமான நேரம் பட்டால் அவை சுருங்கும். சுமார் 60, 65 டிகிரியில் சட்டென்று சுருங்கிவிடும், அதைவிடக் குறைந்த சூட்டுக்கு நேரம் கூடுதலாக வேண்டும். உடனே கொஞ்சம் இறுகியதுபோல் தெரிவது இந்தச் சுருக்கத்தாலும் வீக்கத்தாலும்தான். உண்மையான வேலை அதற்கப்புறம். சூடு பட்ட இடத்தைச் சரிசெய்ய உடம்பு புதுக் கொலாஜனை உண்டாக்குகிறது, அதற்கு மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை ஆகும். மறுநாள் கண்ணாடியில் பார்த்துவிட்டு ஆஹா என்றோ ஐயோ என்றோ முடிவு கட்டாதீர்கள் என்றார். இது புதிதாக வந்த ஒன்றும் இல்லை, கண்ணைச் சுற்றியுள்ள சுருக்கத்துக்கு இந்த மாதிரி ஒரு கருவிக்கு எஃப்.டி.ஏ. 2002லேயே அனுமதி கொடுத்துவிட்டது.

அப்புறம் அந்த இரண்டு வாரம். ஒரு காகிதம் தந்தார்கள், ஒரே பக்கம், படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில். ரெட்டினாலை ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், கிளைகாலிக், சாலிசிலிக் என்று அமிலம் கலந்த ஃபேஸ்வாஷ், சீரம் எல்லாவற்றையும்கூட. எனக்கு ரெட்டினாலை விடுவது சுலபமாக இருந்தது, ஃபேஸ்வாஷில் சாலிசிலிக் இருப்பதைக் கவனிக்கவே இல்லை, பாட்டிலைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. நீங்கள் தினமும் முகத்தில் போடுகிற எல்லாப் பாட்டிலின் பின்பக்கத்தையும் ஒருமுறை படித்துவிடுங்கள், தயவுசெய்து. த்ரெடிங், வேக்ஸிங், பிளீச் ஒரு வாரத்துக்கு வேண்டாம், கெமிக்கல் பீல் என்றால் இரண்டு வாரம். காரணம் எளிது: ஏற்கெனவே மேல் அடுக்கு உரிந்து மெலிந்து போயிருக்கும் தோலில் சூட்டை வைத்தால் எரிச்சலும் கொப்புளமும் வர வாய்ப்பு கூடும். வெயிலில் போய்க் கன்றிப்போன முகத்தோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அந்தக் காகிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. தினமும் சன்ஸ்கிரீன், காலையும் இரவும் சாதாரணமான வாசனையில்லாத மாய்ஸ்சரைசர். வறண்டு வெடித்த தோலில் மின்சாரம் சீராகப் போகாது என்பதால் இந்த மாய்ஸ்சரைசர் விஷயத்தை டாக்டர் இரண்டு தடவை சொன்னார். தண்ணீர் வழக்கம்போலக் குடித்தால் போதும், முந்தின நாள் லிட்டர் லிட்டராகக் குடித்து எதையும் ஈடுகட்ட முடியாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மரத்துப்போகும் க்ரீம் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். வலிக்கும் என்ற பயத்தில் நான் ஒரு ட்யூப் வாங்கிவைத்திருந்தேன், வீட்டிலேயே தடவிக்கொண்டு போய்விடலாம் என்று என் அக்காதான் யோசனை சொன்னாள், அவள் ஊசி வகை செய்துகொண்டவள், அங்கே அதைத் தடவித்தான் செய்தார்களாம். நல்லவேளையாக டாக்டரிடம் கேட்டேன். அவர் வேண்டவே வேண்டாம் என்று சொன்னார். ஊசியில்லாத ஆர்.எஃப்.-இல் நமக்குத் தெரிகிற சூடுதான் முதல் பாதுகாப்பு. ஓர் இடத்தில் திடீரென்று சுள்ளென்று சுட்டால் நாம் சொல்ல வேண்டும், அவர்கள் கையை எடுக்க வேண்டும். தோல் மரத்துப்போயிருந்தால் சுடுவதே தெரியாது, தெரிகிறபோது கொப்புளமாகத்தான் தெரியும். அதே காரணத்துக்காக, பயத்தில் தூக்க மாத்திரையோ பலமான வலி மாத்திரையோ போட்டுக்கொண்டு வரக் கூடாது என்றும் சொன்னார். இந்த ஒரு தகவலை எனக்கு யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் அந்த ட்யூபையே வாங்கியிருக்க மாட்டேன்.

பதினோராம் நாள் உதட்டோரத்தில் லேசாக ஊறல். எனக்கு அந்த ஊறல் பழக்கம், மறுநாளே கொப்புளம் வந்துவிட்டது. ஃபோன் செய்தேன், ஒரு கேள்வியும் கேட்காமல் பத்து நாள் தள்ளிப் போட்டார்கள், முன்பணத்திலும் கை வைக்கவில்லை. கொப்புளம் இருக்கும்போது அந்த இடத்தில் சூடு வைத்தால் பரவ வாய்ப்பு உண்டு, சூடே அதைத் தூண்டிவிடவும் கூடும் என்று சொல்லி, புதிய தேதிக்கு முன்னால் சாப்பிட டாக்டர் மாத்திரையும் எழுதித் தந்தார். இந்தக் கிளினிக்குக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பகுதி இந்த ஒரு ஃபோன் அழைப்புக்குத்தான்.

சிட்டிங் அன்றைக்கு வெறும் முகத்தோடு போனேன், மேக்கப், சன்ஸ்கிரீன் எதுவும் இல்லாமல். கம்மல், சங்கிலி, வளையல், ஹேர்பின், மெட்டல் கொக்கி வைத்த உள்ளாடை எல்லாம் கழற்றச் சொன்னார்கள். வெயிட்டிங்கில் இருந்த ஒருவரை, தாடி இருந்தால் ஜெல்லுக்கும் தோலுக்கும் நடுவில் காற்று தங்கிவிடும் என்று சொல்லி ஷேவ் செய்துவிட்டு வரச் சொன்னதைக் கேட்டேன். இதுவரைக்கும் எல்லாம் சரி. படுக்கையில் ஏறிய பிறகுதான் அவர்களுடைய காகிதத்தில் ஒரு ஓட்டை இருப்பது தெரிந்தது.

எனக்குச் செய்தது மோனோபோலார் வகை. மின்சாரம் கைப்பிடியிலிருந்து உள்ளே போய், உடம்பில் வேறொரு இடத்தில் ஒட்டியிருக்கும் ஒரு பெரிய பேட் வழியாகத் திரும்ப வெளியே வரும். இரண்டு முனையும் கைப்பிடியிலேயே இருப்பது பைபோலார், அதில் பேட் கிடையாது, சூடும் அவ்வளவு ஆழம் போகாது. என் பேட் முதுகில் ஒட்ட வேண்டியது. நான் குளித்துவிட்டு உடம்பு முழுக்க லோஷன் தடவிக்கொண்டு போயிருந்தேன், முகத்துக்கு மட்டும்தான் எதுவும் போடக் கூடாது என்று எழுதியிருந்தது, முதுகைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேட் ஒட்டவில்லை, ஓரம் ஓரமாகத் தூக்கிக்கொண்டது. டெக்னீஷியன் பெண் பதறவில்லை, ஸ்பிரிட் வைத்து இரண்டு தடவை துடைத்து, காயவிட்டு, புது பேட் எடுத்து ஒட்டினார். "பாதி ஒட்டினா ஒட்டின பாதியிலயே எல்லா கரண்டும் போகும்க்கா, அங்க சுட்டுரும்" என்றார். இருபது நிமிடம் போனது. செய்த வேலை சரி, ஆனால் அந்த ஒரு வரி காகிதத்தில் இருந்திருக்க வேண்டும், நான் வெளியே வரும்போது அதைச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். உங்களுக்கு மோனோபோலார் என்றால் பேட் எங்கே ஒட்டுவார்கள் என்று முன்பே கேட்டு, அந்த இடத்தில் எண்ணெயோ லோஷனோ இல்லாமல் போங்கள்.

மற்றபடி ஐம்பது நிமிடம். குளிர்ந்த ஜெல், பிறகு மெல்ல மெல்ல ஏறுகிற சூடு. சூட்டை 10-க்கு எத்தனை என்று சொல்லச் சொன்னார், 6 அல்லது 7-இல் வைத்துக்கொள்ளலாம், 8 வந்தால் உடனே சொல்லுங்கள் என்றார். கைப்பிடி ஒரு நொடி கூட ஓரிடத்தில் நிற்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவையாவது தோலுக்கு மேல் ஒரு வெப்பமானியைக் காட்டிப் பார்த்தார், 40-க்கும் 42-க்கும் நடுவில்தான் இருந்தது. உள்ளே அதைவிடக் கூடுதல். கழுத்தின் நடுவில் தைராய்டு இருக்கும் பகுதியை விட்டுவிட்டு இரண்டு பக்கமும் மட்டும் செய்தார். தாடை எலும்பின் மேல் வரும்போதுதான் அதிகம் சுட்டது, அங்கே சதை குறைவு. பின்பல்லில் மெட்டல் கேப் இருப்பதை முதலிலேயே சொல்லியிருந்ததால் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் ஈரப் பஞ்சுத்துணி வைத்தார்கள், இருந்தும் ஒரு தடவை பல்லில் சுரீரென்றது, கையைத் தூக்கினேன், அந்த நொடியே நிறுத்திவிட்டார். கை தூக்கினால் நிறுத்துவேன் என்று ஆரம்பிக்கும் முன்பே சொல்லியிருந்தார், சொன்னபடி செய்தார். எவ்வளவு நல்ல மெஷினாக இருந்தாலும் இது முக்கியம் என்று நினைக்கிறேன், பிடித்திருக்கும் கை நம் சொல்லைக் கேட்க வேண்டும்.

வெளியே வரும்போது முகம் வெயிலில் ஓடிவந்ததுபோலச் சிவந்து இருந்தது, மூன்று மணி நேரத்தில் போய்விட்டது. தாடையோரம் மறுநாள் வரை லேசான வீக்கம். இரண்டு நாள் வெந்நீரில் முகம் கழுவவில்லை, ஜிம்முக்குப் போகவில்லை, ரெட்டினாலை ஐந்து நாள் கழித்துத்தான் மறுபடி தொட்டேன். கொப்புளமோ, குழி விழுந்ததுபோலவோ, கட்டி மாதிரியோ எதுவாவது தெரிந்தால் உடனே கூப்பிடச் சொல்லி ஒரு நம்பர் தந்தார்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

பலன் என்று பார்த்தால், தாடைக் கோடு முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது, வாயோரத்தில் தொங்கியது பாதி குறைந்திருக்கிறது, கழுத்தில் பெரிய மாற்றம் இல்லை. தெரிந்தவர்கள் நன்றாகத் தூங்கினாயா என்று கேட்கிறார்கள், அந்த அளவுதான். டாக்டரும் முதல் நாளே, லேசான, நடுத்தரமான தளர்வுக்குத்தான் இது, மடிந்து தொங்குகிற தோலை இது தூக்காது, அதற்கு அறுவை சிகிச்சைதான் என்று சொல்லியிருந்தார். எடை நிறையக் குறைத்த பிறகு வயிற்றுத் தோல் தொங்குகிறது என்று ஒரு தோழி கேட்டாள், அவளைப் போகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குறையும் உண்டு. முதல் சிட்டிங் முடிந்த கையோடு, தோல் இன்னும் சிவந்திருக்கும்போதே, பில் போடும் இடத்தில் எட்டு சிட்டிங் பேக்கேஜை நீட்டினார்கள். டாக்டர் நான்கு என்றுதான் எழுதியிருந்தார். நான் அவர் சீட்டைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள், ஆனால் எல்லோருக்கும் அந்தத் தைரியம் வராது. இன்னொன்று, படங்கள். முன்னால் எடுத்தது மேலே இருக்கிற டியூப்லைட்டில், மூன்று மாதம் கழித்து எடுத்தது முகத்துக்கு நேரே ஒரு விளக்கு வைத்து. நேர் வெளிச்சத்தில் யாருக்குமே தாடை நிழல் குறைவாகத்தான் தெரியும். நல்லவேளை, போகும் முன் வீட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று காலை நேரத்தில் நேராகவும் இரண்டு பக்கமும் நானே எடுத்து வைத்திருந்தேன், மேலே சொன்ன பலனெல்லாம் அந்தப் படங்களை வைத்துச் சொன்னது. நீங்களும் எடுத்துவையுங்கள், சிரிக்காமல், முடியைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரே இடம், ஒரே நேரம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன். நான்காவது சிட்டிங்குக்குப் போனபோது புதிதாக வந்த ஒரு பெண் கையில் அதே காகிதத்தை வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கடைசி வரிக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: முதுகிலும் லோஷன், எண்ணெய் தடவாமல் வரவும்.